பாரிஸின் பழைய மாளிகையில் ஃப்ளாட் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சில் வீடு வாங்கும்போது கையெழுத்துப் போடுபவருக்கு பிரெஞ்சு தெரியாவிட்டால் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார வேண்டும். அந்த நாற்காலியில் உட்காரும் வேலை என்னுடையது. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள், பாரிஸின் பழைய மரே பகுதியில் 17-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் ஃப்ளாட் விற்பனைக்கு வந்திருக்கிறது என்றதும் முதலில் கூரையைப் பார்த்து மயங்குகிறார்கள், அப்புறம் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

விளம்பரத்தில் "ஓத்தெல் பார்த்திகுலியே" என்று போட்டிருக்கிறதே, இது ஹோட்டலா?

இல்லை, வீடுதான். ஒரு பிரபுக் குடும்பம் நகரத்துக்குள் தனக்கென்று கட்டிக்கொண்ட மாளிகை. தெருவிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் உயரமான சுவரும் குதிரைவண்டி நுழையும் அளவுக்கு ஒரு மரக்கதவும்தான் தெரியும். கதவின் இரண்டு பக்கமும் அடியில் உருண்டையான கல்லோ இரும்போ பதித்திருப்பார்கள், வண்டிச் சக்கரம் சுவரில் உரசாமல் இருக்க. உள்ளே போனால் கல் பாவிய முற்றம், எதிரே பிரதான கட்டடம், அதற்குப் பின்னால் தோட்டம்.

வாங்குவதற்கு முன் இந்த அமைப்பைச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். சேன்-அந்துவான் தெருவில் 1624-இல் கட்டத் தொடங்கிய ஓத்தெல் த சுய்லி இருக்கிறது. அதன் முற்றத்தையும் தோட்டத்தையும் கடந்து அப்படியே பிளாஸ் தே வோஷ் சதுக்கத்துக்குள் போய்விடலாம். விலைக்கு வந்த வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஒரே குடும்பத்தின் மாளிகை எப்படி இத்தனை ஃப்ளாட்டாக ஆனது?

1682-இல் அரசவை வெர்சாயில் நிலைகொண்டது. பிரபுக்கள் மெல்ல மெல்ல மரேவை விட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஃபோபூர் சேன்-ஜெர்மேனுக்கு நகர்ந்தார்கள். புரட்சிக்குப் பிறகு மிச்சமிருந்த மாளிகைகளில் பட்டறைகளும் கிடங்குகளும் வந்தன. முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டார்கள், உயரமான கூடத்தை நடுவில் பலகை அடித்து இரண்டு மாடியாக்கினார்கள். கலாச்சார அமைச்சர் மால்ரோவின் பெயரால் அழைக்கப்படும் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் இடிப்பது நின்று பழுதுபார்ப்பது தொடங்கியது. மரேயில் மட்டும் 126 ஹெக்டேர் அந்தப் பாதுகாப்புக்குள் இருக்கிறது.

சில மாளிகைகள் அருங்காட்சியகமாயின; பிக்காசோ அருங்காட்சியகம் இருக்கும் ஓத்தெல் சாலே அப்படி ஒன்று. மற்றவை பங்கு பிரிந்து ஃப்ளாட்டுகளாயின. அதனால் ஒரே கட்டடத்தில் ஒரு ஃப்ளாட்டில் 17-ஆம் நூற்றாண்டு உத்தரங்களும் அடுத்ததில் 1970-களின் ஜிப்சம் கூரையும் இருப்பது சாதாரணம். எதை வாங்குகிறீர்கள் என்று அறை அறையாகக் கேளுங்கள்.

எந்த மாடி நல்லது?

மாளிகைகளில் மதிப்பான மாடி பெரும்பாலும் முதல் மாடி. விருந்தினரை வரவேற்ற கூடங்கள் அங்கேதான், கூரை உயரம் 4 மீட்டரைத் தொடும், அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும். மேலே போகப் போக உயரம் குறையும், கூரைச் சரிவுக்கு அடியில் வேலைக்காரர்கள் இருந்த அறைகள். மேல்மாடி வெளிச்சமாக இருக்கும், விலையும் இறங்கும், ஆனால் லிஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பரப்பளவு விஷயத்தில் கவனம் தேவை. 1996-இல் வந்த கரேஸ் சட்டப்படி, கூரை 1.80 மீட்டருக்குக் கீழே இருக்கிற இடம் பத்திரப் பரப்பில் சேராது. கூரைச் சரிவு வீட்டில் தரையில் நீங்கள் நடக்கிற அளவும் பத்திரத்தில் வருகிற அளவும் நிறைய வேறுபடலாம். பத்திரத்தில் சொன்னதைவிட உண்மையான பரப்பு 5 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால், கிரயம் முடிந்த ஒரு வருடத்துக்குள் விலையைக் குறைக்கக் கேட்கும் உரிமை வாங்கினவருக்கு உண்டு.

விலை எவ்வளவு போகும்?

2024 வாக்கில் பாரிஸின் சராசரி சதுர மீட்டருக்கு சுமார் 9,500 யூரோ. மாளிகை ஃப்ளாட்டுக்கு இந்தச் சராசரி உதவாது. முதல் மாடி, பழைய மரவேலை, தோட்டம் பார்த்த சன்னல் என்று சேரச் சேர விலை வேறு உலகத்துக்குப் போய்விடும், ஒப்பிட்டுப் பார்க்க அதே மாதிரி இன்னொரு ஃப்ளாட்டும் இருக்காது. அதனால் "சந்தை விலை இதுதான்" என்று புரோக்கர் அடித்துச் சொன்னால், அதே கட்டடத்திலும் அக்கம்பக்கத்திலும் முன்பு விற்ற விலைகளைக் கேளுங்கள். பிரான்சில் விற்பனை விலைகளை அரசே இணையத்தில் வெளியிடுகிறது.

நான் இந்தியக் குடிமகன். வாங்க முடியுமா? வாங்கினால் விசா கிடைக்குமா?

வாங்கலாம், வெளிநாட்டவர் என்பதால் தடை கிடையாது. விசா கிடைக்காது. வீடு வாங்கினால் குடியிருப்பு உரிமை தரும் திட்டம் பிரான்சில் இல்லை. வீட்டுப் பத்திரம் கையில் இருந்தாலும் நீண்ட நாள் தங்க வேண்டுமென்றால் எல்லாரையும் போல விண்ணப்பித்துத்தான் ஆக வேண்டும். இதை மாற்றிச் சொல்லி விற்கிறவரிடம் மேலே பேசவேண்டாம்.

இந்தியாவிலிருந்து அவ்வளவு பணத்தை எப்படி அனுப்புவது?

இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. குடும்பத்தினர் சேர்ந்தும் அனுப்பலாம், ஆனால் பணம் அனுப்புகிறவர்கள் பத்திரத்திலும் பங்காளிகளாக இருக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிக்கும். அது பிறகு உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகும் என்றாலும், அனுப்புகிற நேரத்தில் அந்தப் பணம் கையில் இருந்தாக வேண்டும்.

நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதை வைத்து மார்ச்சில் ஒரு தொகை, ஏப்ரலில் ஒரு தொகை என்று பிரித்து அனுப்புகிறவர்கள் உண்டு. கையெழுத்துத் தேதியை அதற்கேற்ப முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு வருடமும் இந்திய வரிக் கணக்கில், வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதியில் இந்த வீட்டைக் காட்ட வேண்டும். மறந்தால் அபராதம் கடுமையானது.

கொஞ்சம் ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையுமா? பத்திரத்தில் குறைத்துப் போட்டுக்கொள்ளலாமே?

வேண்டாம். பணம் முழுக்க வங்கி வழியாக, கிரயத்தை நடத்தும் சட்ட அதிகாரியான நொத்தேரின் கணக்குக்கு வந்து, அங்கிருந்துதான் விற்பவருக்குப் போகும். பணம் எங்கிருந்து வந்தது என்று நொத்தேர் கேட்பார், கேட்க வேண்டியது அவருடைய சட்டக் கடமை. பத்திரத்துக்கு வெளியே கூடுதல் விலை பேசி எழுதிக்கொண்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. மூலப்பத்திரம், வங்கி அறிக்கை, நிலம் விற்ற ரசீது என்று பணத்தின் வழியைக் காட்டும் காகிதங்களை ஆரம்பத்திலேயே அடுக்கி வையுங்கள்.

நொத்தேர் என்பவர் யார்? நாம் தனியாக வக்கீல் வைக்க வேண்டாமா?

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். அரசு நியமித்த சட்ட அதிகாரி. வில்லங்கம் பார்ப்பது, மூலப்பத்திரம் சரிபார்ப்பது, வரி பிடிப்பது, பதிவு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. விற்பவருக்கு ஒரு நொத்தேர் இருந்தாலும் நீங்கள் உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளலாம். கட்டணம் கூடாது, இருவரும் அதையே பிரித்துக்கொள்வார்கள். மாளிகை ஃப்ளாட் என்றால் கண்டிப்பாகத் தனியாக ஒருவரை வையுங்கள், ஏனென்றால் கீழே வரப்போகிற பாதி கேள்விகளுக்கு அவர்தான் காகிதத்தில் பதில் தேடித் தர வேண்டும்.

நேரில் வர முடியாவிட்டால் பவர் பத்திரம் கொடுக்கலாம். இந்தியாவில் எழுதினால், அது வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் என்ற அரசு முத்திரை தேவைப்படும்.

அட்வான்ஸ் கொடுத்த பிறகு மனசு மாறினால் பணம் போய்விடுமா?

முதலில் கம்ப்ரோமி என்ற முன்ஒப்பந்தம், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கிரயப் பத்திரம். கம்ப்ரோமி உங்கள் கைக்கு முறைப்படி வந்த மறுநாளிலிருந்து 10 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் காரணமே சொல்லாமல் விலகலாம், பணம் முழுக்கத் திரும்ப வரும். இந்த உரிமை வாங்குபவருக்கு மட்டும்தான், விற்பவருக்குக் கிடையாது. அட்வான்ஸ் வழக்கமாக 5-லிருந்து 10 சதவீதம். 10 நாள் கழிந்து காரணமில்லாமல் விலகினால் அது போகும்.

இடையில் இரண்டு மாதம் எதற்கு என்று கேட்கிறார்கள். பாரிஸ் நகராட்சி அதே வீட்டைத் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை உள்ள அமைப்பு. அதற்கு அறிவித்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

விலைக்கு மேல் எவ்வளவு செலவு?

பழைய வீட்டுக்குப் பதிவுச் செலவு மொத்தமாக விலையில் 7-லிருந்து 8 சதவீதம் வரை வரும். நொத்தேர் செலவு என்று பேர், ஆனால் பெரும்பகுதி அரசுக்கும் நகராட்சிக்கும் போகிற வரி. புரோக்கர் கமிஷன் விளம்பர விலைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள்.

மெயின்டெனன்ஸ் எப்படி? அசோசியேஷன் உண்டா?

இந்தக் கேள்வியைத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வாங்குவது உங்கள் அறைகளையும், கட்டடத்தின் பொதுப் பகுதியில் ஒரு பிரிக்கப்படாத பங்கையும். நம்மூர் யுடிஎஸ் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். கூரை, முகப்பு, மாடிப்படி, முற்றம், வடிகால் எல்லாவற்றுக்கும் உங்கள் பங்கின்படி செலவு கொடுக்க வேண்டும். மாளிகையில் அந்தக் கூரை சாதாரணக் கூரை இல்லை. ஸ்லேட் கல்லும் ஈயத் தகடும் போட்டு, பழைய முறை தெரிந்த ஆட்களை வைத்துத்தான் செய்ய வேண்டும். வெட்டுக்கல் முகப்பை சிமென்ட் பூசி மறைக்கவும் முடியாது. ஒரு புது அடுக்குமாடியில் 60 பேர் பிரித்துக்கொள்ளும் செலவை இங்கே 8 பேர் பிரிக்க வேண்டி வரலாம். முதல் மாடிப் பெரிய ஃப்ளாட் என்றால் பங்கும் பெரியது, பில்லும் பெரியது.

கடந்த மூன்று வருட உரிமையாளர் கூட்டக் குறிப்புகளை விற்பவர் உங்களுக்குத் தந்தாக வேண்டும். அதை வரி விடாமல் படியுங்கள், பிரெஞ்சு தெரியாவிட்டால் காசு கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். "கூரை ஆய்வு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு" என்று மூன்று வருடமாக வந்தால், அந்தச் செலவு உங்கள் தலையில் விழக் காத்திருக்கிறது. யார் பணம் கட்டாமல் பாக்கி வைத்திருக்கிறார், யார் மேல் வழக்கு நடக்கிறது என்பதும் அதில் இருக்கும்.

கூட்டத்தில் ஏற்கெனவே முடிவான வேலைக்கு யார் பணம் கொடுப்பது, விற்றவரா நானா?

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், பணம் கட்டச் சொல்லும் தேதியில் யார் உரிமையாளரோ அவர் கட்ட வேண்டும். தீர்மானம் போன வருடம் விற்பவர் கை தூக்கிப் போட்டதாக இருந்தாலும், தவணை கிரயத்துக்குப் பிறகு வந்தால் அது உங்களுடையது. "கம்ப்ரோமி தேதிக்கு முன் தீர்மானமான வேலைகள் விற்பவர் செலவு" என்று ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது. பல நொத்தேர்கள் தாமாகவே எழுதுவார்கள். எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.

வாஸ்துப்படி சமையலறையைத் தென்கிழக்குக்கு மாற்றலாமா? ஒரு சுவரை மட்டும் எடுத்தால் போதும்.

அந்த ஒரு சுவரில் நாலு பேர் சம்மதம் அடங்கியிருக்கிறது. சுமை தாங்கும் சுவரென்றால் அது பொதுச்சொத்து, கூட்டத்தில் ஓட்டு வாங்க வேண்டும். குழாயையும் வடிகாலையும் இடம் மாற்றினாலும் அப்படியே. பாதுகாக்கப்பட்ட பகுதியில் வீட்டுக்கு உள்ளே செய்யும் வேலைக்கும் முன்அனுமதி தேவைப்படும், அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞர் அதைப் பார்ப்பார். கட்டடமோ அதில் ஒரு பகுதியோ நினைவுச்சின்னமாகப் பதிவாகியிருந்தால் கலாச்சாரத் துறையின் சம்மதமும் வேண்டும். எந்தப் பகுதி பதிவில் இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். சில இடங்களில் முகப்பும் மாடிப்படியும் மட்டும், சில இடங்களில் ஒரு கூடத்தின் கூரை ஓவியம் வரை.

இந்தக் கெடுபிடி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். மரேயில் பொய்க்கூரையைப் பிரித்தபோது அடியில் பூவும் கொடியும் வண்ணத்தில் தீட்டிய 17-ஆம் நூற்றாண்டு உத்தரங்கள் கிடைத்த வீடுகள் உண்டு. அனுமதியில்லாமல் அவசரமாக இடித்திருந்தால் அவை குப்பையோடு போயிருக்கும். வாஸ்து உங்களுக்கு முக்கியம் என்றால், ஏற்கெனவே பொருந்துகிற வீடாகத் தேடுங்கள். முன்பு இருந்தவர் அனுமதியில்லாமல் மாற்றியிருந்தால் அந்தத் தலைவலியும் வீட்டோடு சேர்ந்து வரும், அதையும் கேட்டுவிடுங்கள்.

ஏசி, லிஃப்ட், இரட்டைக் கண்ணாடி சன்னல், இதெல்லாம்?

ஏசியின் வெளிப்பெட்டியை முகப்பில் மாட்ட விடமாட்டார்கள். சுவர் கனமாக இருப்பதால் கோடையில் பகலெல்லாம் சன்னல் கதவை மூடிவைத்தால் ஓரளவு தாங்கும், மேல்மாடியில் தாங்காது. சன்னலை பிளாஸ்டிக் சட்டத்துக்கு மாற்ற முடியாது. பழைய மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு உட்புறம் இரண்டாவது சன்னல் போடுவது வழக்கமான வழி. லிஃப்டுக்கு, முதன்மை மாடிப்படி பாதுகாப்பில் இருந்தால் அதன் நடுவில் போட முடியாது. பின்படிக்கட்டோ முற்றத்தின் மூலையோ கிடைத்தால் கூட்டத்தில் பேசலாம். இப்போது லிஃப்ட் இல்லையென்றால் எப்போதும் இல்லை என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பால் காய்ச்சி, சின்னதாக ஒரு ஹோமம் செய்யலாம் இல்லையா? கணப்பு இருக்கிறதே.

பால் தாராளமாகக் காய்ச்சலாம். கணப்பை நம்பி ஹோமம் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும் பளிங்குக் கணப்புகளில் பலவற்றின் புகைபோக்கி மேலே அடைபட்டிருக்கும், இல்லை விரிசல் விட்டிருக்கும். பழைய மரத்தளங்களுக்கு நடுவே போகிற குழாய் அது. சேன்-லூயி தீவிலுள்ள ஓத்தெல் லாம்பேரில் 2013 ஜூலையில் சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே தீப்பிடித்து, 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் ல சுயர் வரைந்த ஓவியங்கள் இருந்த அறை அழிந்துபோனது. புகைபோக்கி சுத்தம் செய்த சான்றிதழ் இல்லாமல் தீ மூட்டினால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். ஹோமத்தைக் கோயிலிலோ மண்டபத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

தினசரித் தாளிப்புக்கும் இதே கவனம்தான். புகையை வெளியே தள்ள முகப்பில் துளை போட முடியாது, கரி வடிகட்டி வைத்த சிம்னிதான் சுலபம்.

நாங்கள் இல்லாத மாதங்களில் ஏர்பிஎன்பி விட்டால் செலவு வந்துவிடும்தானே?

அந்தக் கணக்கில் வாங்காதீர்கள். நீங்கள் நிரந்தரமாக வசிக்கிற வீடாக இருந்தால் வருடத்துக்கு 90 நாள், 2025 முதல் பாரிஸில் அவ்வளவுதான். வந்து போகிற இரண்டாவது வீடாக இருந்தால் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும், பாரிஸில் அது கிடைப்பது மிகக் கடினம். அதற்கும் மேலே கட்டட விதிகளே தடுக்கலாம்.

நீண்டகால வாடகைக்கு விடலாம். ஆற்றல் மதிப்பீட்டில் கடைசி வகுப்பான ஜி என்று வந்த வீட்டை 2025 ஜனவரி முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது, 2028-இல் எஃப் வகுப்புக்கும் அதே கதி. 4 மீட்டர் கூரையும் பழைய சன்னலும் உள்ள வீடு எந்த வகுப்பில் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

முற்றமும் தோட்டமும் "பிரத்தியேகமாக உங்களுக்கு" என்கிறார் புரோக்கர். அப்படியென்றால் அது நம்முடையதா?

பெரும்பாலும் இல்லை. தரை பொதுச்சொத்து, அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் உங்கள் ஃப்ளாட்டுக்கு. நாற்காலி போடலாம், செடி வைக்கலாம். அறை கட்ட முடியாது, கண்ணாடிக் கூரை போட முடியாது. அந்த உரிமையாவது கட்டட விதிமுறைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா, இல்லை பழக்கத்தில் வந்ததா என்று நொத்தேரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூடத்துக் கண்ணாடியும் கணப்பும் விலையில் சேருமா? விற்பவர் கழற்றிக்கொண்டு போய்விட்டால்?

நல்ல கேள்வி, கேட்பவர் குறைவு. கணப்புக்கு மேலே மரவேலையோடு பதித்த பழைய கண்ணாடி, சுவரை மூடிய செதுக்குப் பலகைகள், கணப்பு இவையெல்லாம் கட்டடத்தின் பகுதியாகவே பிரெஞ்சு சிவில் சட்டம் பார்க்கிறது. கண்ணாடியின் பின்பலகை சுவர் மரவேலையோடு ஒன்றாக இருந்தால் அது நிரந்தரமாக வைத்தது என்று 525-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆணியில் தொங்குகிற கண்ணாடி அப்படி இல்லை.

தரையையும் மறக்காதீர்கள். வெர்சாய் பாணி ஓக் தரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் சதுரச் சட்டங்களாக, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வைத்ததுபோல் இருக்கும். சட்டம் சட்டமாகப் பெயர்த்து விற்க முடியும், அதற்குச் சந்தையும் உண்டு. வீடு பார்க்கும்போதே ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, கதவுக் கைப்பிடி வரை பட்டியல் போட்டு கம்ப்ரோமியோடு இணையுங்கள். கையெழுத்துப் போடும் அன்று காலையில் வீட்டை இன்னொரு முறை சுற்றிப் பாருங்கள்.

வருடா வருடம் என்ன வரி? பிள்ளைகளுக்குப் போகும்போது?

சொத்துவரி எல்லாருக்கும் உண்டு. இரண்டாவது வீடாக வைத்திருந்தால் குடியிருப்பு வரியும் சேரும், பாரிஸில் அதன்மேல் 60 சதவீதம் கூடுதல். பிரான்சில் உங்கள் அசையாச் சொத்தின் நிகர மதிப்பு 13 லட்சம் யூரோவைத் தாண்டினால், நீங்கள் சென்னையில் வசித்தாலும் சொத்து மதிப்பு வரி தனியாக உண்டு. மாளிகை ஃப்ளாட் பல நேரம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

வாரிசு விஷயத்தில் இந்தியாவில் 1985-இல் எடுத்துவிட்ட வரி இங்கே இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் ஒரு லட்சம் யூரோ வரை விலக்கு, அதற்கு மேல் படிப்படியாக 45 சதவீதம் வரை. பிரெஞ்சுச் சட்டம் பொருந்துமானால் பிள்ளைகளின் பங்கை உயிலால்கூடப் பறிக்க முடியாது: ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் முக்கால் பங்கு அவர்களுக்கு. யார் பெயரில் வாங்குவது, கணவன் மனைவி சேர்ந்தா, குடும்ப நிறுவனம் வழியாகவா என்பதை கம்ப்ரோமிக்கு முன்பே நொத்தேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். வாங்கிய பிறகு பெயரை மாற்றுவதென்றால் மேலே சொன்ன பதிவுச் செலவோ, இல்லை நன்கொடை வரியோ மறுபடியும் கட்ட வேண்டி வரும்.